உழக்கினால் உதவும் மோட்டார் 25இல் ஏன் ஓய்கிறது?



எமக்குக் கிடைத்த கடிதங்களுள் பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை. காலையில் மகளைக் கரியரில் ஏற்றிப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு, மானிப்பாய்ப் பக்கம் உள்ள தமது முன்பள்ளிக்குச் சைக்கிளில் செல்கிறார். ஒரு வழிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் முழங்கால் நோவு தொடங்கியிருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சில நாட்கள் இறங்கி உருட்டிக்கொண்டே போகிறாராம்.

அவருடைய கேள்வி இது: "கையில் இருக்கும் ஒரு சோடிக் காப்பை விற்று மின்சார சைக்கிள் வாங்க நினைக்கிறேன். கடையில் ஓடிப் பார்த்தபோது வேகம் 25க்கு வந்ததும் மோட்டார் நின்றுவிட்டது. இது பழுதா? ஒரு வயரைக் கழற்றிவிட்டால் 45இல் ஓடும் என்று தம்பி சொல்கிறான். கழற்றலாமா?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மின்சார வண்டிகளைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்திருப்பார்கள். அவ்வாண்டு யூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா ஆனது. அடுத்த மாதம் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர்தான் கிடைத்தது. சைக்கிளை மறந்திருந்த வீடுகளிலும் பழைய சைக்கிளைத் துடைத்து ரியூப் மாற்றினார்கள். அந்த நாட்களின் பின் கடைகளில் பல வடிவங்களில் மின்சார வண்டிகளைக் காண்கிறோம். காப்பை விற்று வாங்கும் பொருள் என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

டைனமோவை நினைத்துப் பாருங்கள்

1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. டைனமோவை ரயரில் சாய்த்த உடனே உழக்குவது பாரமாகிவிடும் என்பதும் எமக்குத் தெரியும்.

டைனமோவுக்குள் இருப்பவை ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும். சில்லு சுற்றும்போது காந்தமும் சுற்றும்; சுருளில் மின்சாரம் பிறக்கும். இதையே மறுபக்கமாகச் செய்தால், அதாவது சுருளுக்கு மின்சாரத்தைக் கொடுத்தால், காந்தம் தள்ளப்பட்டுச் சில்லு சுற்றும். மின்சார சைக்கிளின் மோட்டார் இவ்வளவுதான். அன்று காலின் உழைப்பு மின்சாரமானது; இங்கே மின்சாரம் காலுக்குத் துணையாகிறது.

இது புதிய எண்ணமும் அல்ல. பின் சில்லின் நடுவில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு அமெரிக்காவில் ஒக்டன் போல்ட்டன் என்பவர் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் உழக்கும் காலுக்கு அளந்து உதவி செய்யும் சைக்கிளை முதலில் கடைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் யமஹா நிறுவனம். ஆண்டு 1993.

இன்று கடைகளில் காணும் பெரும்பாலான சைக்கிள்களில் மோட்டார் பின் சில்லின் ஹப்புக்குள் இருக்கும். சுருள்கள் அச்சோடு அசையாமல் நிற்க, காந்தங்கள் பதித்த வெளிக்கூடு சுற்றும். சில விலை கூடிய சைக்கிள்களில் மோட்டார் பெடல் அச்சோடு இருக்கும். அது செயின் வழியாகத் தள்ளும். எதுவானாலும் எந்தச் சுருளுக்கு எப்போது எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. கடைக்காரர் இதைக் கொன்ட்ரோலர் என்பார். மின்சார சைக்கிளின் மூளை இதுதான்.

மூன்று பேரின் கால்

சாதாரணமாகச் சைக்கிள் ஓடும் ஒருவரின் கால் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு 75 வாற் அளவில் இருக்கும். 250 வாற் மோட்டார் என்பது அப்படிப்பட்ட மூன்று பேர் பின்னால் நின்று தள்ளுவதற்குச் சமம்.

எங்கள் மண்ணில் ஏற்றம் இறக்கம் இல்லை. எங்களுக்கு மலை என்றால் அது காற்றுத்தான். காற்று அசையாத காலையில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதற்கு 55 வாற் அளவு போதும். அதே வேகத்தில், எதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம் வீசினால் 130 வாற் அளவு வேண்டும். காலுக்கு இயலுமானதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழங்கால் நோவதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மோட்டார் அந்த மேலதிக 75 வாற்றைத் தந்துவிட்டால், காற்றுள்ள நாளும் காற்றில்லாத நாள் போல ஆகிவிடும். எமது வாசகிக்குத் தேவையான உதவி இவ்வளவே.

நீங்கள் உழக்குவது மோட்டாருக்கு எப்படித் தெரியும்?

மூன்று வழிகள் உள்ளன. வாங்கும்போது எது என்று கட்டாயம் கேளுங்கள். விலை வேறுபடுவதும் ஓடும்போது உணர்வு வேறுபடுவதும் இதனால்தான்.

முதலாவது, சுற்றை உணரும் வகை. பெடல் அச்சில் சின்னஞ்சிறு காந்தங்கள் பதித்த ஒரு வளையம் இருக்கும். பெடல் சுற்றும்போது காந்தங்கள் ஓர் உணரியைக் கடந்து செல்லும். உணரி அதைக் கண்டதும் பெட்டிக்குச் செய்தி போகும். மோட்டார் ஓடத் தொடங்கும். விலை குறைந்த வகை இது. இதில் ஒரு குறை உண்டு. நீங்கள் மெதுவாக அழுத்துகிறீர்களா, பலமாக அழுத்துகிறீர்களா என்பது இதற்குத் தெரியாது. பெடல் சுற்றினால் போதும், தெரிவுசெய்த அளவுக்குத் தள்ளிவிடும். ஒழுங்கை முடக்கில், கரியரில் பிள்ளையுடன், காலை வைத்து அரைச் சுற்றுச் சுற்றிய பிறகு திடீரென்று ஒரு தள்ளு வரும். பழகும் வரை உதவி அளவை ஒன்றாம் இலக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அழுத்தத்தை அளக்கும் வகை. பெடலில் எவ்வளவு பலம் விழுகிறது என்பதை அளந்து, அதற்கு ஏற்ற மடங்கில் மோட்டார் உதவும். மெல்ல அழுத்தினால் மெல்லத் துணை, பலமாக அழுத்தினால் பலமான துணை. ஓடுபவருக்குத் தன் கால்தான் பலமாகிவிட்டது போல இருக்கும். விலை கூட. முழங்கால் நோவு உள்ளவர்களுக்கும் பிள்ளையை ஏற்றுபவர்களுக்கும் இதுவே நல்லது.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளில் உள்ளது போலக் கைப்பிடியில் முறுக்கும் அக்சிலேற்றர். உழக்காமலே ஓடலாம். சுகம்தான். ஆனால் காலுக்கும் வேகத்துக்கும் இருந்த தொடர்பு இங்கே அறுந்துவிடுகிறது. காலைத் தூக்கினால் நிற்கும் வண்டி வேறு, கையைத் தளர்த்தினால்தான் நிற்கும் வண்டி வேறு. பதறும்போது மனிதர் கையை இறுக்கிப் பிடிப்பதே வழக்கம் என்பதை மறக்கக் கூடாது.

இந்த மூன்றுக்கும் மேலாக ஒரு காவல் இருக்க வேண்டும். நல்ல மின்சார சைக்கிளில் பிறேக் பிடியை இழுத்த கணமே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். பிடிக்குள் இருக்கும் ஒரு சிறிய சுவிச் இதைச் செய்கிறது. இது இல்லாத சைக்கிளில் நீங்கள் பிறேக் பிடிக்கும்போதும் மோட்டார் சிறிது நேரம் தள்ளிக்கொண்டிருக்கும்.

சில சைக்கிள்களில் உருட்டும்போது உதவும் பொத்தானும் உண்டு. அழுத்திப் பிடித்தால் மணிக்கு 6 கிலோமீற்றருக்கு மேற்படாமல், நடக்கும் வேகத்தில் சைக்கிள் கூட வரும். சந்தைச் சாமானுடன் மணல் ஒழுங்கையில் உருட்டுபவருக்கு அதன் அருமை தெரியும்.

25இல் நடப்பது என்ன?

சில்லு ஒரு தடவை சுற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியும். ஸ்போக் கம்பியில் பூட்டிய ஒரு காந்தமோ, ஹப்புக்குள் இருக்கும் உணரியோ சுற்றுகளை எண்ணிக் கொடுக்கும். சுற்றையும் நேரத்தையும் கணக்கிட்டு வேகத்தை அறியும் பெட்டி, குறித்த எல்லையை நெருங்கும்போது மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எல்லையில் முற்றாக நிறுத்துகிறது. வேகம் குறைந்ததும் மீண்டும் கொடுக்கிறது.

ஆகவே எமது வாசகி கண்டது பழுது அல்ல. அந்தச் சைக்கிள் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. எல்லையில் திடீரென்று பாரமாகத் தோன்றுவதால், பற்றறி முடிந்துவிட்டது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். சற்று வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், துணை திரும்பி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எல்லை மோட்டாருக்கு மட்டுமே. சைக்கிளுக்கு அல்ல. பின்காற்று வீசும்போதோ நீங்களே பலமாக உழக்கும்போதோ சைக்கிள் 25ஐத் தாண்டி ஓடலாம். எல்லை இருக்கிறது, வேகம் தானாகக் குறையும் என்று இருந்துவிட வேண்டாம். பிறேக் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஜப்பானில் இந்த ஒழுங்கு இன்னும் நுட்பமாக இருக்கிறது. 2008 முதல் அங்கே 10 கிலோமீற்றர் வேகம் வரை, கால் கொடுக்கும் பலத்தைப் போல இரண்டு மடங்கு வரை மோட்டார் உதவலாம். அதன் பின் உதவி படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீற்றரில் பூச்சியமாக வேண்டும். புறப்படும் நேரத்தில்தான் சைக்கிள் தள்ளாடும், பாரம் தெரியும். அந்த நேரத்தில் கூடிய உதவி. வேகம் எடுத்த பின் குறைந்த உதவி. அந்நாட்டில் இச்சைக்கிளைப் பெருமளவில் பயன்படுத்துபவர்கள் சிறு பிள்ளைகளின் தாய்மார். அதற்கென அமைந்த சைக்கிளில், முன்னும் பின்னும் இரண்டு சிறு பிள்ளைகளை ஏற்றிச் செல்ல 2009இல் அங்கே அனுமதி வழங்கப்பட்டது.

அந்த ஒரு வயர்

தம்பி சொல்வதில் பாதி உண்மை. பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் வேக எல்லைக்கென்று ஒரு சோடி வயர் இருக்கிறது. இரண்டும் இணைந்திருக்கும் வரை எல்லை உண்டு, கழற்றினால் எல்லை நீங்கிவிடும். வேறு சிலவற்றில் திரையில் சில்லின் அளவை மாற்றிப் பெட்டியை ஏமாற்றுகிறார்கள். 26 அங்குலச் சில்லை 20 அங்குலம் என்று பதிந்துவிட்டால், உண்மையில் 32இல் ஓடும் சைக்கிளைப் பெட்டி 25 என்று எண்ணிக்கொள்ளும். திரையில் தெரியும் வேகமும் பொய்யாகிவிடும்.

மீதிப் பாதி கணக்கில் நிற்காது. காற்றை வெட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்து 45இல் ஓடுவதற்கு ஏறத்தாழ 800 வாற் வலு வேண்டும். 250 வாற் மோட்டாரும் உங்கள் காலின் 75 வாற்றும் சேர்ந்தால் 325. இதைக் கொண்டு சமதரையில் 32 அளவில்தான் ஓடலாம். அதற்கு மேல் ஓடுகிறது என்றால், மோட்டார் தன் அளவை மீறி மின்சாரத்தை இழுக்கிறது என்று பொருள். சுருளும் பெட்டியும் சூடாகும். எங்கள் வெயிலில் அந்தச் சூடு ஆறவும் இடமில்லை. காப்பை விற்று வாங்கிய பொருள் எரிந்து போனால், எல்லை நீக்கப்பட்டதைக் காட்டி உத்தரவாதமும் மறுக்கப்படலாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது நிற்கும் தூரம். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு கை பிறேக்குக்குப் போவதற்கு ஒரு வினாடி எடுக்கும். 25இல் அந்த ஒரு வினாடியில் 7 மீற்றர் போய்விடுவோம். பிறேக் பிடித்து நிற்க இன்னும் 6 மீற்றர். மொத்தம் 13. அதே பிறேக்குடன் 45இல் வந்தால், வினாடிக்கு 12 மீற்றருக்கு மேல், நிற்க ஏறத்தாழ 20 மீற்றர், மொத்தம் 32. இது உலர்ந்த றோட்டுக்கும் நல்ல பிறேக்குக்கும் உரிய கணக்கு. மழையில் இன்னும் கூடும். மோதினால் தாக்கும் சக்தியும் 25இல் இருந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். சைக்கிளின் பிறேக், போர்க், ரிம், ரயர் எல்லாம் சைக்கிள் வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. வயரைக் கழற்றினால் வேகம் மட்டும் மாறும், இவை மாறுவதில்லை.

இதனால் கிடைக்கும் இலாபம் என்ன? எட்டுக் கிலோமீற்றரைச் சாதாரண சைக்கிளில் 15 வேகத்தில் ஓட 32 நிமிடம். 25இல் 19 நிமிடம். இங்கேயே 13 நிமிடம் மிச்சம். உண்மையாகவே 45இல் ஓடினாலும் மேலும் எட்டு நிமிடம்தான் மிஞ்சும். சந்திகளில் நிற்பதைக் கழித்தால் அதுவும் இல்லை. பற்றறியோ இரண்டரை மடங்கு வேகமாகத் தீரும். மாலையில் வீடு திரும்பும் வழியில் பற்றறி முடிந்து, இருபத்தைந்து கிலோ சைக்கிளை உழக்கும்போது முழங்கால் என்ன சொல்லும்?

ஆகவே எமது பதில்: கழற்ற வேண்டாம். விற்பனைக்கு முன்பே கழற்றிவிட்டார்களா என்றும் பார்த்து வாங்குங்கள்.

மற்ற நாடுகளின் ஒழுங்கு

உறவினர்கள் வெளிநாடுகளில் இருப்பதால் "அங்கே அப்படி ஓடுகிறார்களே" என்ற பேச்சு வருவதுண்டு. அங்கே உள்ளதையும் அறிந்துகொள்வோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாற், 25 கிலோமீற்றர், உழக்கினால் மட்டும் உதவி என்ற எல்லைக்குள் இருந்தால் அது சைக்கிள். இலக்கத் தகடு வேண்டாம். பிரித்தானியாவிலும் 250 வாற். வேகம் மணிக்கு 15.5 மைல், அதாவது ஏறத்தாழ அதே 25. ஓடுபவருக்கு 14 வயதாவது இருக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் 500 வாற், 32 கிலோமீற்றர். 16 வயதும் தலைக்கவசமும் கட்டாயம். சுவிற்சர்லாந்தில் 45 வரை உதவும் சைக்கிளும் உண்டு. ஆனால் அதற்கு மஞ்சள் இலக்கத் தகடும் தலைக்கவசமும் வேண்டும். அது அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்ட, அதற்குரிய பிறேக் உள்ள வண்டி. கடையில் வாங்கிய 25ஐ வீட்டில் 45 ஆக்கியது அல்ல.

இந்தியாவிலும் 250 வாற்றுக்கும் 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டு, பற்றறி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத வண்டி மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த மெதுவேக வண்டியை நம்பித் தொழில் தொடங்கிய ஒரு பெண்ணையும் குறிப்பிட வேண்டும். பொறியியலாளரான ஹேமலதா அண்ணாமலை 2008இல் கோயம்புத்தூரில் அம்பியர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மின்சார சைக்கிள்களையும் மெதுவேக ஸ்கூட்டர்களையும் தயாரித்தார். 2018இல் கிரீவ்ஸ் கொட்டன் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது.

நாட்டுக்கு நாடு எண்கள் வேறுபட்டாலும் கருத்து ஒன்றுதான். வேக எல்லைதான் ஒரு வண்டியைச் சைக்கிளாக வைத்திருக்கிறது. எல்லையை நீக்கினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிளாகிவிடும்.

எமது நாட்டிலும் மின்சார மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவை தேவை. பெயருக்கு இரண்டு பெடல் பூட்டியிருப்பதால் மட்டும் ஒரு ஸ்கூட்டர் சைக்கிளாகிவிடாது. "பதிவு தேவையில்லை, அக்கா, கொண்டு போய் ஓடுங்கோ" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வண்டியின் மாதிரிப் பெயரையும் மோட்டாரின் வாற் அளவையும் எழுதிக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் வாங்குங்கள். விபத்து நேர்ந்து பொலிசும் நீதிமன்றமும் என்று வரும்போது நிற்கப் போவது கடைக்காரர் அல்ல, நீங்கள்.

பற்றறி பற்றிச் சில வார்த்தைகள்

36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 360. அரை யூனிற் மின்சாரம்கூட இல்லை. உதவி அளவை நடுத்தரமாக வைத்தால் இதைக் கொண்டு 35 முதல் 45 கிலோமீற்றர் வரை ஓடலாம். நாளுக்குப் பதினாறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு இரண்டு நாளைக்குப் போதும். மின்கட்டணம் பெரிய செலவு அல்ல. பெரிய செலவு பற்றறி பழுதடைந்து புதியது வாங்கும்போதுதான் வரும். எனவே சைக்கிளின் விலையைக் கேட்கும்போதே தனிப் பற்றறியின் விலையையும் கேளுங்கள்.

ஈய அமில வகை மலிவு. ஆனால் பாரம் கூட, ஆயுள் குறைவு, சார்ஜ் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் கெட்டுவிடும். லிதியம் வகை பாரம் குறைவு, ஆயுள் கூட, விலையும் கூட. லிதியம் பற்றறி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். நியூயோர்க், லண்டன் போன்ற நகரங்களில் மின்சார சைக்கிள் பற்றறியால் வீடுகள் எரிந்து உயிர்கள் போயிருக்கின்றன. தரமற்ற பற்றறி, பொருந்தாத சார்ஜர், வீட்டில் தாமாகவே மாற்றிப் பூட்டிய பாகங்கள் ஆகியவையே அங்கு அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் காரணங்கள்.

அதனால் கூட வந்த சார்ஜரையே பாவியுங்கள். எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜில் விட வேண்டாம். வெளியேறும் ஒரே வாசலுக்குப் பக்கத்திலும் படுக்கைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். வெயிலில் காயும் தகரக் கொட்டிலுக்குள் பற்றறியைப் பூட்டி வைக்க வேண்டாம். வீங்கிய, அடிபட்ட, வெள்ளத்தில் நனைந்த பற்றறியை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம். மாதகல் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். மாதம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடையுங்கள். மாரியில் ஹப் மூழ்கும் அளவுக்கு வெள்ளம் நின்றால் சைக்கிளை இறக்க வேண்டாம்.

வாங்கும் முன் ஓடிப் பார்க்க வேண்டியவை

கடை முற்றத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு முடிவெடுக்காதீர்கள். சைக்கிள் பழகிய ஒருவரைக் கூட்டிச் சென்று கீழ்வருவனவற்றைப் பாருங்கள்.

1. மோட்டாரை நிறுத்திவிட்டு உழக்கிப் பாருங்கள். பற்றறி முடிந்த நாளில் நீங்கள் ஓட வேண்டிய சைக்கிள் அதுதான்.

2. நிலையில் இருந்து புறப்படும்போது தள்ளு எப்படி வருகிறது? மெதுவாகவா, குதித்தா?

3. உழக்குவதை நிறுத்தினால் மோட்டார் உடனே நிற்கிறதா? பிறேக் பிடியைச் சற்றே இழுத்தாலும் நிற்கிறதா?

4. எந்த வேகத்தில் உதவி நிற்கிறது? 25ஐத் தாண்டியும் தள்ளினால், எல்லை நீக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

5. திரையில் பதிந்த சில்லின் அளவும் ரயரில் எழுதியுள்ள அளவும் ஒன்றா?

6. இருக்கையில் இருந்தபடி இரண்டு காலும் நிலத்தில் படுகிறதா? சேலையோ நீளப் பாவாடையோ சிக்காதபடி செயின் மூடியும் பின் சில்லுக் காப்பும் இருக்கின்றனவா? பிள்ளையை ஏற்றுவதென்றால் கால் வைக்கும் கட்டை இருக்கிறதா?

7. பற்றறி, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத உத்தரவாதம்? பற்றுச்சீட்டில் எழுதித் தருவார்களா? யாழ்ப்பாணத்தில் திருத்துபவர் இருக்கிறாரா?

வீட்டில் இருக்கும் பழைய லேடிஸ் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. கம்பிப் பிறேக் உள்ள பழைய சைக்கிளுக்கு அது பொருந்தாது. மழையில் அந்தப் பிறேக் எவ்வளவு பிடிக்கும் என்பது அதை ஓடியவர்களுக்குத் தெரியும். மோட்டார் முன் சில்லில் என்றால் போர்க்கில் விழும் இழுவையும் புதிது. பிறேக்கையும் போர்க்கையும் மாற்றிச் செலவைக் கூட்டிப் பார்த்தால், பலவேளை புதிய சைக்கிளே இலாபம்.

லீசிங்கில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத் தவணையை, நீங்கள் இப்போது பஸ்ஸுக்கோ ஓட்டோவுக்கோ பெற்றோலுக்கோ செலவிடும் மாதத் தொகையோடு ஒப்பிடுங்கள். தவணை அதைவிடக் கூட என்றால், சிறிது காலம் சீட்டுப் பிடித்துச் சேர்த்து வாங்குவது நல்லது. கால் நோவைக் குறைக்க வாங்கும் பொருள் தலைநோவைக் கொண்டுவரக் கூடாது.

வாங்கிய பின் முதல் ஒரு கிழமை பிள்ளையை ஏற்றாமல், ஆள் நடமாட்டம் குறைந்த றோட்டில், குறைந்த உதவி அளவில் பழகுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஓடக் கொடுப்பீர்கள் என்றால், வேக எல்லையில் கை வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சைக்கிள் உங்களுடையது. அது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே.